கஞ்சாச் செடியின் கடிகாரம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், முட்டத்திற்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே அமைந்துள்ள மீனவர் ஊர் கடியப்பட்டணம். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டில் மிக நீண்ட பகல் இங்கே 12 மணி 36 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 39 நிமிடம். இரண்டிற்கும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. பாரிஸ் நகரத்திலோ ஜூன் மாதப் பகல் 16 மணிக்குச் சற்று மேல். டிசம்பர் பகல் 8¼ மணி.

மனிதனுக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. விளக்கை ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வான். செடிகளுக்கு அது வாழ்வா சாவா என்னும் சிக்கல். நெல்லில் இதை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். நாள் நீளத்திற்குக் கட்டுப்பட்ட பழைய நெல் வகையைப் பருவம் மாற்றிக் கன்னிப்பூவில் விதைத்தால், பயிர் பச்சைப் பசேலென்று வளருமே தவிர, காலத்தில் கதிர் தள்ளாது. அதனுள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. அக்கடிகாரத்தை அந்தந்த ஊரின் சூரியன் பல நூறு தலைமுறைகளாகத் திருத்தி அமைத்திருக்கிறது.

இந்தக் கடிகாரம் ஒன்று உண்டு என்பதை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் காட்டிக் கொடுத்த செடிகளுள் ஒன்று, நாம் பெயர் சொல்லவே தயங்கும் கஞ்சாச் செடி. போதைப் பொருள் என்ற அளவில் அதைப் பற்றிச் செய்தித்தாள்களில் நாள்தோறும் படிக்கிறோம். ஆனால் ஒரு பயிர் என்ற முறையில் அதன் வரலாறு வெப்ப நாட்டு விதைகளைப் பற்றிய முக்கியமான பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. அதை இங்கே காண்போம்.

பெயரில் தொடங்கிய குழப்பம்

ஆங்கிலேய வணிகர்கள் கயிறு திரிக்கப் பயன்பட்ட பல நார்களை ‘ஹெம்ப்’ என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். நைலான் வருவதற்கு முன் நம் மீனவர்கள் வலை பின்னப் பயன்படுத்திய நார்களுள் சணப்பும் ஒன்று. அதுவும் வணிகக் கணக்கில் ‘இந்திய ஹெம்ப்’தான். உண்மையில் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கஞ்சாவோடு அதற்கு உறவே இல்லை. சாக்குப் பை தரும் சணல் இன்னொரு குடும்பம். கஞ்சாவின் உண்மையான நெருங்கிய உறவு, பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப் கொடி.

கஞ்சாச் செடியை நம் பகுதியிலிருந்து ஐரோப்பியருக்கு விரிவாக அறிமுகப்படுத்திய நூல் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் மருத்துவர்களின் அறிவைத் திரட்டி, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அதை வெளியிட்டார். பத்தாம் தொகுதியில் ‘களெங்கி கஞ்சாவ’, ‘செறு கஞ்சாவ’ என்று இரண்டு படங்கள் உள்ளன. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டையும் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்தறியும் பழக்கம் நம் மேற்குக் கடற்கரையில் அன்றே இருந்தது. சித்த மருத்துவத்தில் இச்செடிக்குக் கோரக்கர் மூலி என்று பெயர்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் இதற்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். சட்டைவா என்றால் ‘பயிரிடப்படுவது’ என்று பொருள். அவர் நன்கறிந்தது ஐரோப்பாவின் நார்ச் செடி. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து சோனரா என்ற பயணி கொண்டு வந்த உலர்ந்த மாதிரியை ஆராய்ந்தார். சோனரா புதுச்சேரியில் தங்கித் தென்னிந்தியாவில் சுற்றியவர். அம்மாதிரியின் சிற்றிலைகள் குறுகலாக இருந்தன. தண்டு கடினமாகவும் பட்டை மெல்லியதாகவும் இருந்தது. நார் எடுக்க உதவாத இச்செடி தனி இனம் என்று கருதிய லமார்க், அதற்குக் கன்னாபிஸ் இண்டிகா என்று பெயர் சூட்டினார்.

இங்கே ஒரு வேடிக்கை. 1970-களில் அமெரிக்கத் தாவரவியலார் சிலர் ஆப்கானிஸ்தானத்தின் குட்டையான, அகன்ற இலைச் செடிக்கு ‘இண்டிகா’ என்ற பெயரைக் கொடுத்தனர். அது மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. அதற்கு எதிராக, இந்தியாவின் உயர்ந்த, குறுகிய இலைச் செடியை உலகம் ‘சட்டைவா’ என்று அழைக்கலாயிற்று. லமார்க் ‘இந்தியச் செடி’ என்று பெயரிட்டாரே, அந்தச் செடியே இன்று இந்தியப் பெயரை இழந்து நிற்கிறது. 2020-இல் மெக்பார்ட்லண்ட், ஸ்மால் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட வகைப்பாடு இதைத் திருத்த முயன்றது. அதன்படி எல்லாம் ஒரே இனந்தான். தெற்காசியாவில் பயிரிடப்பட்ட குறுகிய இலை வகையே முறைப்படி ‘இண்டிகா’; ஆப்கானிஸ்தானத்து வகை ‘அஃப்கானிகா’.

பாரிஸ் கண்ணாடி வீட்டில்

1910-ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிசில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் ஆய்வாளர் ஹாப் கொடியையும் கஞ்சாச் செடியையும் கண்ணாடி வீட்டில் வளர்த்து வந்தார். குளிர்காலத்தில் விதைத்த நாற்றுகள், சில இலைகளே விட்ட நிலையில் பூத்துவிட்டன. கோடையில் விதைத்தவை ஆளுயரம் வளர்ந்த பிறகும் பூக்கவில்லை. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். எஞ்சியது ஒன்றே: நாளொன்றுக்குச் செடி பெறும் ஒளியின் கால அளவு. பகல் குறுகுவது, அதைவிட முக்கியமாக இரவு நீளுவது, பூப்பைத் தூண்டுகிறது என்ற முடிவை அவர் நெருங்கினார். அவருடைய கட்டுரைகள் 1912-இலும் 1914-இலும் வெளிவந்தன. 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில் தூர்னுவா உயிரிழந்தார்.

1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலையிலும் சோயாவிலும் விரிவான சோதனைகள் செய்து, இந்நிகழ்ச்சிக்கு ‘ஒளிக்காலத்துவம்’ என்று பொருள்படும் பெயரைத் தந்தனர். பாடநூல்களில் அவர்கள் பெயர் இருக்கிறது. தூர்னுவாவின் பெயர் பெரும்பாலும் இல்லை.

இப்போது கடியப்பட்டணத்துக் கணக்கைத் திரும்பப் பார்ப்போம். ஐரோப்பிய நார்ச் செடி, பகல் 14 மணி நேரத்தை ஒட்டிக் குறையும்போது பூக்கத் தொடங்கும் கடிகாரம் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன் விதையை இங்கே விதைத்தால் என்ன ஆகும்? இங்கே மிக நீண்ட பகலே 12 மணி 36 நிமிடந்தான். முளைத்த நாளிலிருந்தே ‘இலையுதிர் காலம் வந்துவிட்டது’ என்று செடி எண்ணிக்கொள்ளும். வளர்வதற்கு முன்பே பூத்து, விதைத்து, மடியும். நெடிய தண்டும் இல்லை. நீண்ட நாரும் இல்லை.

மாறாக, நம் வெப்ப நாட்டுச் செடியின் கடிகாரம் மிக நுட்பமானது. 12 மணிக்கு அருகே பகல் சில நிமிடங்கள் ஏறி இறங்குவதை வைத்தே அது காலத்தை அறிய வேண்டும். ஆகவே அது பொறுமையாகப் பல மாதம் வளர்ந்து, மெதுவாகப் பூக்கிறது. இதைப் பாரிசில் விதைத்தால் எதிர்மாறான துன்பம். செப்டம்பர் இறுதி வரை அங்கே பகல் 12 மணிக்கு மேல். அதன் பிறகே பூக்கத் தொடங்கும். விதை முற்றுவதற்குள் உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும்.

கம்பெனியின் கயிற்றுக் கனவு

இந்த உண்மை தெரியாததால் ஏற்பட்ட செலவு சிறிதன்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் கயிறும் பாயும் பெரும்பாலும் இரஷ்ய நாரையே நம்பியிருந்தன. போர் மூண்டால் அந்த வழி அடைபடும். எனவே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் கஞ்சா நார் பயிரிட முயன்றது. கல்கத்தா தாவரத் தோட்டத்தில் இராக்ஸ்பரோ இந்திய நார்ச் செடிகள் பலவற்றைச் சோதித்தார். ஆனால் சமவெளியில் இச்செடி பெரும் நார்ப் பயிராக நிலைபெறவில்லை. உள்ளூர் விதை நாருக்கு உதவவில்லை. வெளியூர் விதைக்கு நம் சூரியன் உதவவில்லை. 1854-இல் கிரிமியப் போரால் இரஷ்யச் சரக்கு தடைபட்டபோது, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது வங்காளச் சணல்.

இலையின் இயற்பியல்

கடிகாரம் மட்டுமன்று; இலையும் ஊருக்கேற்ப அமைந்ததே. வெயிலில் நிற்கும் இலை வெப்பத்தை இரண்டு வழிகளில் தள்ளுகிறது. ஒன்று, நீரை ஆவியாக்குதல். மற்றொன்று, தன்னைத் தொட்டு ஓடும் காற்றுக்கு நேரே வெப்பத்தைக் கொடுத்தல். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரைகளில் முதல் வழி மந்தமாகிறது; இரண்டாவது வழியின் மதிப்பு கூடுகிறது.

எந்த இலையின் மேலும் நகராத காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் ஒட்டியிருக்கும். அதன் தடிப்பு, இலை அகலத்தின் வர்க்க மூலத்திற்கு நேர் விகிதத்தில் மாறும். நொடிக்கு 1 மீட்டர் வேகக் காற்றில் 4 செ.மீ. அகல இலைக்கு இப்படலம் ஏறத்தாழ 0.8 மி.மீ.; 1 செ.மீ. அகல இலைக்கு 0.4 மி.மீ. போர்வை பாதியானால் வெப்பம் இரு மடங்கு விரைவாக வெளியேறும். தென்னிந்தியச் செடியின் விரல் போன்ற மெல்லிய சிற்றிலைகளின் பயனை இக்கணக்கு ஓரளவு விளக்குகிறது. அதன் பூங்கொத்தும் நெருக்கமின்றித் தளர்ந்திருப்பதால், மழைக்காலத்தில் காற்றுப் புகுந்து பூஞ்சணம் பிடிப்பதைக் குறைக்கிறது. ஆப்கானிஸ்தானத்து வகையின் கெட்டியான பூங்கொத்து, வறண்ட குளிர் நாட்டுக்கு ஏற்றது. நம் அடைமழையில் அழுகிவிடும்.

இத்தகைய பண்புகளை எந்த ஆய்வுக்கூடமும் உண்டாக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிழைத்து நின்ற செடியின் விதையை எடுத்து மறுபடி விதைத்த உழவனும், அவனுடைய ஊரின் வானிலையும் சேர்ந்து உண்டாக்கியவை. இப்படி ஓரிடத்திலேயே தலைமுறைகளாக விதைத்து வந்ததால் அவ்விடத்திற்குப் பழகிப்போன பயிரையே நாட்டு வகை என்கிறோம்.

1,193 சாட்சிகள்

19-ஆம் நூற்றாண்டில் கஞ்சா, அரசுக்கு வரி தரும் பயிர். இன்றைய வங்காள தேசத்தில் உள்ள நவகாவ்ன் வட்டாரமே அதன் பெரிய மையம். அங்கே நவம்பர் மாதத்தில் ‘போத்தார்’ எனப்படும் வல்லுநர் வயல் வயலாக நடந்து, ஆண் செடிகளை மொட்டிலேயே கண்டுபிடித்துப் பிடுங்கி எறிவார். ‘கஞ்சா வைத்தியர்’ என்று ஆங்கிலேயர் இவரைக் குறிப்பிட்டனர். எவ்வளவு கவனித்தாலும் சில ஆண் பூக்கள் தப்பிவிடும். அவற்றின் மகரந்தத்தால் உண்டான சில விதைகளே அடுத்த தலைமுறைக்கு அடிப்படை. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்து தக்குபாடு வட்டாரத்திலும், வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையிலும் பயிர் நடந்தது. மத்திய மாகாணத்தில் காண்ட்வா பெயர் பெற்றது.

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூலையில் இந்தியக் கஞ்சாப் பொருள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மாக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். குழு நாடெங்கும் சென்று 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. 1894 ஆகஸ்டில் அறிக்கை முடிந்தது.

மாணவர்கள் இக்குழுவின் பணியில் ஒரு பகுதியைக் கட்டாயம் அறிய வேண்டும். மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளில் நோயின் காரணம் ‘கஞ்சா’ என்று நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. பலரும் அந்த எண்களையே சான்றாகக் காட்டி வந்தனர். குழு அப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தது. நோயாளியைக் கொண்டு வந்த காவலர், உறவினர் யாரும் அருகில் இல்லாத நிலையில், படிவத்தை நிரப்புவதற்காக ஊகத்தில் எழுதியவை பல என்று தெரிய வந்தது. அச்சான எண்ணாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அதை யார் எழுதினார், எப்படி அறிந்தார் என்று கேட்பதே அறிவியல் முறை.

அளவோடு பயன்படுத்துவோரிடம் பெருந்தீங்கு காணப்படவில்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு என்று கூறிய குழு, முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. உரிமமும் வரியும் கொண்ட கட்டுப்பாட்டையே பரிந்துரைத்தது. ஆனால் அம்முடிவை இன்றைய நிலைக்கு அப்படியே பொருத்துவது தவறு. போதையூட்டும் வேதிப் பொருளாகிய டி.எச்.சி.யை மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டது 1964-இல்தான். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட சரக்கில் இப்பொருள் 1995-இல் சராசரி 4 சதவிகிதம். 2014-இல் 12 சதவிகிதம். வளரும் மூளைக்கு இது கேடு என்பதற்கும், மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் மனச்சிதைவு போன்ற நோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதற்கும் இன்று வலுவான சான்றுகள் உள்ளன. 1894-இன் செடி வேறு. இன்றைய கலப்பினச் சரக்கு வேறு.

கடல் கடந்த விதை

1845-இல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிய கப்பல் ஜமைக்காவை அடைந்தது. அவர்களோடு செடியும் போயிற்று. ‘கஞ்சா’ என்ற நம் சொல்லும் போயிற்று. இன்றும் ஜமைக்காவில் அதே சொல்தான். 18 பாகை அட்சத்தில் உள்ள அத்தீவில் இந்திய விதையின் கடிகாரத்துக்குத் தொல்லை இல்லை.

1960, 70-களில் மேல்நாட்டு இளைஞர்கள் இந்தியா வந்து விதைகளைக் கொண்டு சென்றபோது, முன் சொன்ன உறைபனிச் சிக்கல் எதிர்ப்பட்டது. அதற்கு விடையாக, விரைவில் பூக்கும் ஆப்கானிஸ்தானத்துக் குட்டைச் செடியோடு அதை ஒட்டுக் கலந்தார்கள். உலகெங்கும் பரவிய கலப்பினங்களின் தொடக்கம் அதுவே. இப்போது அக்கலப்பினங்கள் தம் தாய் நிலத்துக்கே திரும்பி வருகின்றன. கஞ்சா காற்றால் மகரந்தம் பரப்பும் செடி. வட ஆப்பிரிக்க வயல்களிலிருந்து புறப்பட்ட அதன் மகரந்தம் கடலைக் கடந்து ஸ்பெயினின் தென்கரையில் பிடிபட்டது 1990-களில் பதிவாகியுள்ளது. அப்படியானால் ஒரு பள்ளத்தாக்கில் புகுந்த புதுச்செடி, அங்குள்ள பழைய வகையைச் சில தலைமுறைகளில் கலந்து கரைத்துவிடும். தெற்காசியாவின் நாட்டு வகைகள் அழியும் நிலையில் உள்ளன என்று 2020-இல் மெக்பார்ட்லண்டும் ஸ்மாலும் எச்சரித்ததற்கு இதுவே காரணம்.

சட்டமும் சேமிப்பும்

1961-இல் உருவான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் வழியில், இந்தியா 1985-இல் போதைப் பொருள் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். ஆனால் அதே சட்டம் மருத்துவம், அறிவியல், நார், விதை ஆகிய நோக்கங்களுக்காக அரசு அனுமதி தர வழி வைத்திருக்கிறது. 2018-இல் உத்தரகண்ட் மாநிலம் டி.எச்.சி. 0.3 சதவிகிதத்துக்கு மேற்படாத நார்ச் செடிக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் உரிமத்தோடு இச்செடியை வளர்த்து மருந்தாய்வு செய்கிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப் பொருள் ஆணையம், மிகக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. இதனால் அது தடையற்ற பொருளாகிவிடவில்லை. மருத்துவ ஆய்வுக்குக் கதவு சற்றுத் திறந்தது, அவ்வளவே.

நாட்டு விதை எதற்கு வேண்டும் என்று கேட்கலாம். விடையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1985-இல் வெளியிட்ட டி.பி.எஸ். 1 நெல்லின் பெற்றோரில் ஒன்று ஐ.ஆர். 8, மற்றொன்று கட்டிச்சம்பா என்னும் நாட்டு நெல். புதிய விதையும் பழைய விதையின் பண்பை எடுத்துத்தான் உண்டாகிறது. பழையதைத் தொலைத்துவிட்டால், பிறகு எங்கிருந்து எடுப்பது?

நெல்லை உழவன் வயலில் காப்பான். நாட்டு நெல் விழாக்கள்கூட நடக்கின்றன. தடை செய்யப்பட்ட செடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை வீட்டுக் கொல்லையில் காப்பது குற்றம். கள்ளச் சந்தை காக்கும் என்பதும் வீண் நம்பிக்கை, ஏனெனில் சந்தைக்கு வேண்டியது போதை மட்டுமே. எஞ்சிய ஒரே இடம் அரசின் விதை வங்கி. இரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள வாவிலோவ் நிறுவனம் 1920-கள் முதல் சேர்த்த சுமார் 500 வகைக் கஞ்சா விதைகளைக் காத்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் அந்நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது, அங்குள்ள விஞ்ஞானிகள் பட்டினியால் மாண்டார்களே தவிர, தம் காவலில் இருந்த தானிய விதைகளை உண்ணவில்லை.

நம் நாட்டிலும் விதை வங்கிகள் உண்டு. உலர்த்தி, உறைநிலைக்குக் கீழ் 18 பாகையில் வைத்த விதை பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். ஜவ்வாது மலையிலும் காண்ட்வாவிலும் ஒரு காலத்தில் விளைந்த வகைகளின் வாரிசுகள் எங்கேனும் களையாக எஞ்சியிருந்தால், அவற்றை உரிமம் பெற்ற தாவரவியலார் சேகரித்துப் பூட்டி வைப்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே மீதம். ஒரு செடியின் பூவைத் தடுப்பது சமுதாயத்தின் உரிமை. அதன் விதைக்குள் எழுதப்பட்டுள்ள வெயிலின் கணக்கையும் இரவின் கணக்கையும் அழிய விடுவதற்கு அந்த உரிமை காரணமாக வேண்டியதில்லை. தடையும் சேமிப்பும் ஒன்றுக்கொன்று பகை அல்ல; இரண்டையும் ஒருங்கே செய்ய முடியும்.